ஈர்ப்பு விசையின் மேல் ஒரு வழக்கு

விளையாட்டுகளை வகைப்படுத்த எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. ஆயினும் தோற்றவன் யாரைக் குறை சொல்கிறான் என்பதை அளவுகோலாகக் கொண்டால் ஒவ்வொன்றின் இயல்பும் இன்னும் தெளிவாகப் புலப்படும் என்பது என் அபிப்பிராயம். சதுரங்கத்தில் தோற்றவன் தன் புத்தியை நொந்துகொள்கிறான். சீட்டாட்டத்தில் தோற்றவன் கைக்கு வந்த சீட்டைத் திட்டுகிறான். கிரிக்கெட்டில் தோற்றவனுக்கு நடுவர் இருக்கிறார், ஆடுகளம் இருக்கிறது, பனி கூட இருக்கிறது. கைபேசித் திரையில் ஒரு பந்து, ஒரு கோடு, ஒரு கிண்ணம் என்ற அளவுக்கு மேல் ஒன்றுமில்லாமல், பொருள்கள் விழுவதையும் உருளுவதையும் மோதுவதையுமே புதிராக வைக்கும் பௌதிகப் புதிர் விளையாட்டு என்ற ஒரு வகை இப்போது ஊரெங்கும் பரவியிருக்கிறது. அதில் தோற்றவன் சொல்லும் குறை மற்றெல்லாவற்றிலும் விசித்திரமானது. "நான் சரியாத்தான் போட்டேன், பந்துதான் சரியா உருளல" என்கிறான் அவன். அதாவது ஈர்ப்பு விசையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறான்.

இதைத் தோற்றவனின் புலம்பல் என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. கதையும் சங்கீதமும் சித்திர வேலைப்பாடும் நிறைந்த பெரிய ஆட்டங்களில் ஆட்டக்காரர் அபிப்பிராயம் பலவாறாகச் சிதறிப்போகும். ஒருவன் கதாநாயகனைப் பாராட்டுவான், மற்றொருவன் வர்ணங்களைப் பழிப்பான். அலங்காரங்களை எல்லாம் களைந்துவிட்டு உறுப்புகளைச் சுருக்கிக்கொண்ட ஆட்டத்தில் பேசுவதற்கு வேறொன்றும் எஞ்சவில்லையாதலால், எல்லா அபிப்பிராயங்களும் ஒரே கேள்வியில் வந்து குவிகின்றன: இங்கே பொருள் இயங்கிய விதம் நியாயந்தானா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடுமுன், அப்படியொரு கேள்வியே எழ இடமில்லாத விளையாட்டு ஒன்றைப் பார்த்துவிடலாம்.

பனங்கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிப் பக்கத்தில், நுங்குக் காலத்தில் பிள்ளைகள் ஓட்டுகிற நுங்கு வண்டியைவிட உறுப்புகள் குறைந்த ஒரு பௌதிகக் கருவியைக் காண்பது அரிது. நுங்கைக் குடைந்து தின்றபின் எஞ்சும் காய்கள் இரண்டு, அவற்றைக் கோக்கும் ஒரு குச்சி, அந்தக் குச்சியில் கவையைக் கொடுத்துத் தள்ளுவதற்கு ஒரு நீண்ட கம்பு, அவ்வளவே. ஒரு காய் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்து, இரண்டும் குச்சியில் இறுகிச் சேர்ந்து சுழலுமானால், வண்டி சிறிய காயின் பக்கமாகவே வளைந்து போகும். பையன் சூத்திரம் ஒன்றும் அறியாதவனாயினும், அடுத்த தடவை ஒரே அளவான காய்களாகப் பார்த்து எடுக்கிறான். தார்ச்சாலையில் சிட்டாகப் பறந்த வண்டி, செம்மணல் தேரிக்குள் இறங்கியதும் புதைந்து நின்றுவிடுகிறது. அங்கேயும் அவன் மணலோடு வழக்காடுவதில்லை, வேறு தடம் பார்க்கிறான். வண்டியைச் செய்தவனும் ஓட்டுகிறவனும் ஒருவனே. களமோ எவரும் செய்யாதது. ஆகையால் குற்றம் சாட்ட அங்கே மூன்றாம் ஆள் இல்லை.

அந்த மூன்றாம் ஆள் விளையாட்டுக்குள் நுழைந்த சந்தர்ப்பத்தை ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடியும். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளுக்கென்று, 1958 அக்டோபரில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக அறிஞர் ஓர் ஆட்டத்தை அமைத்தார். முதல் அணுகுண்டுக்குரிய மின்னணுச் சுற்றுகளில் வேலை செய்து, பின்னர் அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகப் பல்லாண்டு பாடுபட்ட மனிதர் அவர். ஆசிலோஸ்கோப் என்ற அலைகாட்டியின் சிறு வட்டத் திரையில் கிடையாக ஒரு கோடு தரை, குத்தாக ஒரு சிறு கோடு வலை, ஓர் ஒளிப்புள்ளி பந்து. ஆளுக்கொரு குமிழும் ஒரு பொத்தானும். பந்து வளைகோட்டில் பறந்தது, வலையில் பட்டால் வேகமிழந்தது, தரையில் பட்டு எழும்பியது. பார்வையாளர் வரிசை கட்டி நின்று ஆடினர் என்று சொல்லப்படுகிறது. மறு ஆண்டு அதே ஆட்டத்தை அவர் மீண்டும் வைத்தபோது, சந்திரனில் உள்ள ஈர்ப்பிலும் வியாழ கிரகத்தின் ஈர்ப்பிலும் ஆடிப் பார்க்க வசதி செய்திருந்தார். தேரி மணலில் வண்டி தள்ளும் பையனுக்கு எந்தக் காலத்திலும் வாய்க்காத சௌகரியம் இது. ஈர்ப்பு என்பது அன்றுமுதல் இயற்கையின் நியதியாக மட்டும் நில்லாமல், ஒருவர் நினைத்தால் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஓர் எண்ணாகவும் ஆயிற்று.

நினைத்தால் எண்ணை மாற்றலாம் என்றால், நினைப்பவர் யார் என்ற விசாரணையும் தொடங்கிவிடுகிறது அன்றோ! மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1962இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆட்டத்தில் இந்த விசாரணை வெளிப்படையாகவே நடந்தது. ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் எழுதிய அந்த ஆட்டத்தில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். உண்மையான ஆயுதம் ஒருபோதும் துல்லியமாக இயங்காது என்ற எண்ணத்தில் ரஸ்ஸல் ஆரம்பத்தில் குண்டுகளின் போக்கில் சிறிது தற்செயலான பிசகைச் சேர்த்திருந்தார், ஆடியவர்களுக்கு அது அறவே பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார். பின்னர் டான் எட்வர்ட்ஸ் என்பவர் திரையின் நடுவே ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அதன் ஈர்ப்பில் கலங்கள் வளைந்து செல்லும்படி செய்தார். அதை எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனால் அக்காலத்துக் கணினிக்கு அத்தனை குண்டுகளின் வளைவையும் கணக்கிட நேரம் போதவில்லையாதலால், குண்டுகள் ஈர்ப்புக்குக் கட்டுப்படாமல் நேர்கோட்டிலேயே போயின. அவை ஒளியால் ஆன குண்டுகள், எடையற்றவை என்று ஒரு சமாதானமும் கற்பிக்கப்பட்டது.

இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆட்டக்காரர் மனோபாவம் நன்கு விளங்கும். குண்டு நேர்கோட்டில் போவது பௌதிகத்துக்கு முற்றும் மாறானது, அதை ஏற்றுக்கொண்டார்கள். குண்டு சற்றே பிசகிப் போவது உலகத்துக்கு ஒத்தது, அதை வெறுத்தார்கள். ஆட்டக்காரன் கேட்பது உண்மையன்று, நம்பகம். பொய்யான நியதியாக இருந்தாலும் அது என்றும் ஒரேவிதமாக நடக்குமாயின் அவன் அதைக் கற்றுக்கொண்டு அதில் வல்லவனாகிவிடுவான்; மெய்யான நியதியாக இருந்தாலும் தன் கையால் அளக்க முடியாததை அவன் சதி என்றே கருதுவான்.

இக்காலத்துப் புதிர் ஆட்டங்களில் இந்த நியதிகளை ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாக எழுதுவதில்லை. ஒருவர் எழுதிவைத்த பௌதிக எந்திரத்தை மற்றவர் எடுத்தாளுகின்றனர். எரின் காட்டோ என்ற நிரலாளர் 2006இல் ஒரு மாநாட்டில் விளக்கிக் காட்டுவதற்காகச் செய்து, 2007இல் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்ட ‘பாக்ஸ்2டி’ அவற்றுள் மிகவும் பிரசித்தமானது. பின்லாந்தில் 2009இல் பிறந்து உலகத்தையே ஆட்டிவைத்த ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ ஆட்டத்தின் பறவைகள் பறந்ததும் பன்றிகளின் கோட்டைகள் சரிந்ததும் இதன் கணக்குப்படியே. ஒரு கூட்டத்தில் அந்த ஆட்டத்தைச் செய்த நிறுவனத்தாரிடம் நீங்கள் பயன்படுத்தும் எந்திரம் எது என்று ஒருவர் எழுந்து கேட்க, அவர்கள் பாக்ஸ்2டி என்று விடை சொல்ல, அதை எழுதியவன் நான்தான் என்று கேட்டவர் சொன்னதாக ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. கோடிக்கணக்கானோர் விரல் நுனியில் ஆண்ட ஈர்ப்பைச் செய்தவருடைய பெயர், அந்த ஆட்டத்தை ஆடியவர்களில் பெரும்பாலோர்க்குத் தெரியாது.

அந்த எந்திரத்தின் இரண்டாம் பதிப்பைத் திறந்து பார்ப்பவருக்கு, தோற்றவன் சொல்லும் குறைகளில் பாதிக்கு அங்கேயே விளக்கம் கிடைத்துவிடுகிறது. காலம் அதில் ஓடுவதில்லை. ஒரு வினாடியை 60 கூறாக்கி, கூறு கூறாகத் தாவுகிறது. மோதும் பொருள்களின் வேகத்தைச் சரிசெய்ய ஒவ்வொரு கூறிலும் 8 முறையும், ஒன்றினுள் ஒன்று புகுந்த பொருள்களைப் பிரித்து வைக்க 3 முறையும் கணக்குப் போட்டால் போதும் என்பது அதன் கையேட்டின் யோசனை. அதற்குள் கணக்கு முடியாமல் மிஞ்சும் சிறு பிழைதான் உயர அடுக்கிய பெட்டிகள் காரணமில்லாமல் நடுங்குவதாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்த வேகத்தில் மோதும் பொருள் எழும்புவதே இல்லை. அப்படியே ஒட்டி நின்றுவிடும்.

இவற்றைவிட நூதனமான விதி ஒன்று உண்டு. இரண்டு பொருள்கள் மோதும்போது எந்த அளவு எழும்பும் என்பதற்கு, இரண்டில் எதற்கு எழும்பும் தன்மை அதிகமோ அதன் எண்ணையே அந்த எந்திரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த உலகத்தில் ரப்பர் பந்து கருங்கல்லில் விழுந்தாலும் சேற்றில் விழுந்தாலும் ஒரே உயரம் எழும்பும்! உடன்குடிக்கு மேற்கே தேரியில் பந்தைப் போட்டுப் பார்த்த எந்தப் பிள்ளையும் இதை ஒப்புக்கொள்ளமாட்டான். மணல் பந்தின் உயிரை வாங்கிவிடும் என்பது அவனுக்குப் பிரத்தியட்ச அநுபவம். ஆனால் இதை எழுதியவர் அறியாமையால் எழுதவில்லை. தரைக்குத் தனியாக எண் கொடுக்காமலே பந்து துள்ளவேண்டும் என்ற சௌகரியத்தை உத்தேசித்து அவ்வாறு வைத்தார். வேண்டாதவர் மாற்றிக்கொள்ள வழியும் வைத்தார். சௌகரியத்துக்காக வைத்தது நியதியாகிவிட்டது என்பதுதான் செய்தி.

ஆட்டக்காரனையே நீதிபதியாக்கிப் பார்த்த முயற்சியும் ஒன்று உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த பெட்ரி புர்ஹோவின் ‘கிரேயான் பிசிக்ஸ் டீலக்ஸ்’, 2008இல் சுயேச்சை விளையாட்டு விழாவின் பெரும் பரிசைப் பெற்றது. மெழுகு வண்ணக்கோலால் நாம் வரைவதெல்லாம் எடை பெற்று விழும். அதைக்கொண்டு ஒரு சிறு பந்தை நட்சத்திரத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். எந்தப் புதிரையும் முரட்டுத்தனமாகப் பெரிய பெரிய பாறைகளை வரைந்தே தீர்த்துவிடலாம் என்பது அதன்மேல் எழக்கூடிய நியாயமான ஆட்சேபம். அதற்குப் பரிகாரமாக, நேர்த்தியான தீர்வுக்கென்றும் பழைய பாணித் தீர்வுக்கென்றும் தனித்தனிச் சிறப்புகளை வைத்த ஆசிரியர், ‘பிரமாதமான’ தீர்வு எது என்பதை மட்டும் ஆடுகிறவன் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார். இத்தனை நம்பிக்கையை ஆட்டக்காரர்மேல் வைத்தவர் அவர் ஒருவரே என்று சொல்லத் தோன்றுகிறது.

மேல்நாட்டுச் செய்தி இவ்வளவு போதும். மரப்பலகையிலும் கண்ணாடித் திரையிலும் ஒருங்கே ஆடப்படுவதும், தமிழ்நாட்டார் உலகத்தில் முன்னணியில் நிற்பதுமான ஒரு பௌதிக ஆட்டம் நம்மிடமே இருக்கிறது. கேரம் பலகையைச் சொல்கிறேன். உலகக் கேரம் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். மரிய இருதயம் உலகப் பட்டத்தை இருமுறை வென்று, 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008இல் பிரான்ஸில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் சென்னையின் காசிமா மூன்று தங்கப் பதக்கங்களைக் கொண்டுவந்தார். வட சென்னையின் சந்துகளுக்கும் இந்தச் சின்னஞ்சிறு பலகைக்கும் உள்ள உறவைத் தனியே ஒருவர் எழுதவேண்டும்.

பலகை 74 சென்டிமீட்டர்ச் சதுரம். வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் ஒன்று. காய்கள் 5 முதல் 5.5 கிராம், அவற்றை அடிக்கும் ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேற்படக்கூடாது. இந்த எடைகளிலேயே ஆட்டத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. 15 கிராம் ஸ்டிரைக்கர் 5 கிராம் காயை நேருக்கு நேர் அடிக்கும்போது, மோதலில் சக்தி நஷ்டமில்லை என்று வைத்துக்கொண்டால், காய் ஸ்டிரைக்கரின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கில் ஓடும். ஸ்டிரைக்கர் நின்றுவிடாமல் தன் வேகத்தில் பாதியோடு அதன் பின்னாலேயே போகும். நேராக இருக்கும் எளிய காயைப் பலமாக அடிக்கும் புது ஆட்டக்காரன், காயோடு ஸ்டிரைக்கரையும் குழிக்குள் தள்ளி மைனஸ் வாங்குவது இதனால்தான்.

"அதே அடிதானே அடிச்சேன்" என்ற முறையீட்டையும் இங்கேயே பரிசீலித்துவிடலாம். 70 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள காயை நோக்கி அடிக்கும்போது அரைப் பாகை பிசகினால், ஸ்டிரைக்கர் அங்கே போய்ச் சேரும் இடம் சுமார் 6 மில்லிமீட்டர் விலகும். ஸ்டிரைக்கரின் ஆரமும் காயின் ஆரமும் சேர்ந்து 3.6 சென்டிமீட்டர்தான் ஆகையால், அந்த 6 மில்லிமீட்டர் விலகல் காயின் திசையை ஏறத்தாழ 10 பாகை மாற்றிவிடும். அரைப் பாகை ஒரே மோதலில் பத்துப் பாகையாகிறது; இன்னொரு காயிலும் பட்டுத் தெறித்தால் கேட்கவேண்டியதில்லை. கண்ணாடியில் வழுக்கும் விரல் அரைப் பாகை பிசகியதை எவன் அறிவான்? ஆகவே கைபேசிக் கேரத்தின்மேலும் பறவை எறியும் ஆட்டங்களின்மேலும் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதியை விரலின் பேரிலேயே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் அல்ல. மரப்பலகையில் பழகியவர்கள் கண்ணாடிக்குப் போனதும் சொல்லும் முதல் அபிப்பிராயம் காய் கடைசியில் நழுவுகிறது என்பது. இதற்குக் கணக்கு உண்டு. மரத்தில் உராய்வு, காய் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும், ஏறக்குறைய ஒரே விசையால் அதைப் பிடித்திழுக்கிறது. அதனால் வேகத்தை இரு மடங்காக்கினால் காய் நான்கு மடங்கு தூரம் ஓடும், நிற்கும்போது சட்டென்று நிற்கும். மேலிருந்து பார்க்கும் ஆட்டங்களைச் செய்வோர் பலர் எளிமையை உத்தேசித்து, வேகத்துக்கு ஏற்பக் குறையும் ஒரு தணிவை உராய்வுக்குப் பதிலாக வைத்துவிடுகின்றனர். அந்த உலகத்தில் இரு மடங்கு வேகத்துக்கு இரு மடங்கு தூரமே, நிற்கும் தறுவாயிலோ காய் நெடுநேரம் ஊர்ந்துகொண்டே இருக்கும். பத்து வருஷம் பலகையில் பழகிய விரல் இந்த வித்தியாசத்தை ஒரே அடியில் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் அதைச் சொல்லத் தெரியாமல் ‘நழுவுது’ என்கிறது. இத்தகைய முறையீட்டைப் புலம்பல் என்பவன் ஆட்டத்தை அறியாதவன்.

மரப்பலகையும் மாறாத நியதியுடையதன்று. ஸ்டிரைக்கரை முழு பலத்தோடு அடித்தால் அது மூன்றரைத் தடவையாவது போய் வரவேண்டும் என்பது பலகையின் வழவழப்புக்கு விதி வைத்திருக்கும் சோதனை. கையையே கருவியாகக்கொண்டு உராய்வை அளக்கும் அந்த விதியின் எளிமையை நான் பெரிதும் ரசிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கடற்கரையில் காற்று நனைந்துவிட்டால் பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும், காய் பாதியில் நின்றுவிடும். பலகைக்கு மேல் தாழத் தொங்கும் பல்பின் சூடு சற்று உதவும். அப்போதும் முறையீடு எழுகிறது. ஆனால் யார் பேரிலும் அல்ல. இருவருக்கும் ஈரம் ஒன்றே. வெளிநாடு சென்று அறியாத பலகையில் ஆடிப் பட்டம் வெல்வோர், முதல் சில அடிகளிலேயே அந்தப் பலகையின் வேகத்தை விரலுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறவர்களே. கைபேசிக் கேரத்திலோ, கூடுதல் விசையும் நீண்ட குறிக்கோடும் தரும் ஸ்டிரைக்கர்கள் படிப்படியாகக் கிடைக்கின்றன, காசு செலவிடுவோருக்கு அந்தப் படிகள் சுருங்குகின்றன. எதிரெதிரே அமர்ந்த இருவருக்கு இரண்டு பௌதிகங்கள்! குறிக்கோடு வேண்டுமா வேண்டாமா என்பது ருசிபேதம். புதியவனுக்கு அது குருவாகலாம். இரண்டு பௌதிகங்கள் என்பதை மட்டும் எந்த ருசியாலும் நியாயப்படுத்த இயலாது. ரெட்டைப் போட்டு, அதைத் தொடர்ந்து போடவேண்டிய ஃபாலோ காயைத் தவறவிட்டவன் எதிரியின் பணப்பையைச் சந்தேகிக்க நேரும் ஆட்டத்தில் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

கற்றுக்கொள்ள இடமுள்ள தோல்வி ஒன்றைப் பார்க்க, நுங்கு வண்டி ஓடிய பக்கத்துக்கே திரும்புவோம். உடன்குடியிலிருந்து சில கிலோமீட்டரில், முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பெயர்பெற்ற குலசேகரன்பட்டினத்தில், இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இரண்டாவது ஏவுதளத்தை அமைத்து வருகிறது. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே ஏவப்படும் ராக்கெட், இலங்கைக்கு மேல் பறக்கக்கூடாதாகையால் வழியில் வளைந்து திரும்பவேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. 500 கிலோகிராமை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காத செலவு. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே கடல் ஒன்றுதான். இலக்கு குறுக்கே மறைக்கப்பட்டிருந்தால், அடியை வளைக்க முயலாமல் கோட்டின்மேல் ஸ்டிரைக்கரை நகர்த்தி வைக்கும் கேரம்காரனின் யுக்திதான் இது.

அந்த எஸ்.எஸ்.எல்.வி. 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி முதன்முதலாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டபோது தோற்றது; 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 76 கிலோமீட்டருக்குத் தாழ்ந்த நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டு வீணாயின. தோற்றவன் யாரைக் குறை சொல்கிறான் என்ற நம் கேள்விக்கு, நான் அறிந்தவரையில் மிக ஒழுங்கான விசாரணை அதன்பின் நடந்ததுதான். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது கணநேரம் எழுந்த கடும் அதிர்வை முடுக்கமானிகள் தம் அளவு மீறி உணர்ந்தன. அதிர்வு மெய்யானது, கருவிகளும் பழுதற்றவை. ஆனால் பழுதைக் கண்டறியும்படி எழுதப்பட்டிருந்த தர்க்கம், இப்படியும் ஓர் அதிர்வு உண்டாகுமா என்று நம்ப மறுத்து, கருவிகளே கெட்டுவிட்டன எனத் தீர்ப்பளித்து, அவற்றை ஒதுக்கிவிட்டு அவசர வழியில் இறங்கிவிட்டது. பௌதிகம் உள்ளபடி நடந்தது. எழுதி வைத்த கணக்குக்கு அது பொய்யாகத் தோன்றியது. விசாரணைக்குப்பின் பிரிக்கும் பொறியையும் மாற்றினார்கள், தீர்ப்பளிக்குமுன் தர்க்கம் இன்னும் சிறிது நேரம் கவனிக்கும்படியும் செய்தார்கள்; அதாவது வாதி, பிரதிவாதி இருவர் பேரிலும் குற்றம் கண்டு இருவரையும் திருத்தினார்கள். அடுத்த ஏவல் 2023 பிப்ரவரி 10ஆம் தேதியும், மூன்றாவது 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதியும் குறித்த பாதையில் சென்று சேர்ந்தன.